கூடத்துத் திரையரங்கும் மங்கும் விளக்குகளும்

திரைப்படக் கொட்டகைகளில் படம் தொடங்கும் வேளையில் விளக்குகள் பட்டென்று அணைவதில்லை. படிப்படியாக மங்கி, அதன் பின்னரே இருள் சூழும். வெறும் அழகுக்காக ஏற்பட்ட வழக்கமன்று இது. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் செல்லும் கண் முழுவதும் பழகிக்கொள்ள 20 முதல் 30 நிமிஷம் வரை பிடிக்கும். இடம் தேடி நடப்பவர் அதற்குள் யார் காலை மிதிப்பாரோ, எந்தப் படியில் இடறுவாரோ! முற்காலத்து நாடக மேடைகளில் உப்புநீர்த் தொட்டிக்குள் உலோகத் தகட்டை ஏற்றியும் இறக்கியும் மின்விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைத்தார்கள். அந்த மங்கலுக்காக மனிதர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்!

இன்று கொட்டகையே நம் கூடத்துக்கு வந்துவிட்டது. தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நம்மவர்க்கு இது பெரிய சௌகரியம். பல ஊர்களில் தமிழ்ப் படம் வந்தாலும் நகரின் மறுகோடியில் ஓரிரு காட்சிகளோடு போய்விடுகிறது. ஆகவே சனிக்கிழமை இரவில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒருவர் வீட்டில் கூடி, பாட்டி முதல் பேரன் வரை பாய் விரித்து அமர்ந்து, பெரிய தொலைக்காட்சியிலோ புரொஜெக்டரிலோ படம் பார்ப்பது வழக்கமாகி வருகிறது. விளக்கைக் கவனிக்கும் பொறுப்பை ஒரு மென்பொருளிடம் ஒப்படைப்பது எவ்வாறு என்பதையே இங்கே கூற முற்படுகிறோம்.

இதற்கென மென்பொருள்கள் பல உள்ளன. நாம் சிபாரிசு செய்வது 'ஹோம் அசிஸ்டன்ட்' என்பது. 2013-ல் தொடங்கப்பெற்றது, விலையின்றிக் கிடைப்பது, அதன் மூலநிரலை எவரும் பார்வையிடலாம். 2024 முதல் லாபநோக்கமற்ற ஓப்பன் ஹோம் பவுண்டேஷனின் பொறுப்பில் இருந்து வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி இதற்குப் போதும். அது இடைவிடாமல் 5 வாட் எடுப்பதாகக் கொண்டாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான் ஆகும்.

இதையே சொல்வதற்குக் காரணம் உண்டு. இதன் மூளை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்றொரு கருவி 300 டாலருக்கு விற்கப்பட்டது. அதைச் செய்த நிறுவனத்தை 2014-ல் நெஸ்ட் நிறுவனம் வாங்கிற்று. 2016 மே மாதத்தில் அக்கருவிக்கான சேவையை நிறுத்திவிட்டது. கருவியில் பழுது ஒன்றுமில்லை. ஆயினும் அன்றோடு அது வெறும் டப்பாவாயிற்று. எங்கோ இருக்கும் கம்பெனியின் தயவில் நம் வீட்டு விளக்கு எரிவது நல்லதன்று. ஆகையால் பல்பு வாங்கும்போதே, இணையம் இல்லாமலும் இது இயங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். ஜிக்பீ வகைப் பல்புகள், கணினியில் செருகும் ஒரு சிறு குச்சியின் வாயிலாக வீட்டுக்குள்ளேயே செய்தி பரிமாறிக்கொள்ளும்.

ஒரு விதிக்கு மூன்று அங்கங்கள்: எது நிகழ்ந்தால், எந்த நிபந்தனையில், என்ன செய்வது. ரயில் வேலையில் இருப்போருக்கு இது புதிதாகத் தோன்றாது. பாயிண்ட் சரியாக அமைந்து பூட்டப்படாதவரை சிக்னல் பச்சை காட்டாதல்லவா? 'படம் ஓடத் தொடங்கினால், சூரியன் மறைந்திருந்தால், கூடத்து விளக்கை 8 விநாடியில் சிறிது சிறிதாக அணைத்துவிடு' என்று எழுதிவிடலாம். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் வீட்டில் கலகம் மூளும். மாலையில் தொடர் பார்த்துக்கொண்டே கீரை ஆய்பவரும், செய்தி கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையும் இருளில் அகப்படுவார்கள். 'சினிமா' என்று ஒரு பொத்தானை மென்பொருளில் அமைத்து, அது போடப்பட்டிருந்தால் மட்டுமே மங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட வேண்டும்.

முழு இருளும் வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் பின்புறம், 6500 கெல்வின் வெண்மையுள்ள சிறு விளக்குப் பட்டையைச் சுவரை நோக்கி ஒட்டி, திரையின் ஒளியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு எரியவிட்டால் கண் களைப்பு குறையும். புரொஜெக்டருக்கு இது பொருந்தாது.

மங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நம் வீடுகளுக்கு இன்றியமையாதது, திரும்ப ஒளி வருவதுதான் என்பது நம் துணிபு. முதியவர்கள் படத்தின் நடுவே எழுந்து குளியலறைக்குப் போவார்கள். பாயும் தலையணையும் தண்ணீர்ச் செம்பும் வழியில் கிடக்கும். எழுபது வயதுக்கு மேல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன் தொல்லை ஒரு குடும்பத்தை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஊரும் உறவும் தொலைவில் இருக்கையில் இன்னும் அதிகம். ஆதலால் படம் நிறுத்தப்பட்டால் கூடத்து விளக்கு 30 சதவீத ஒளியில் வர வேண்டும். படத்தை முன்னே பின்னே நகர்த்தும்போதெல்லாம் ஒளி துள்ளாதிருக்க, நின்று 2 விநாடி கடந்த பிறகே என்று விதிக்கலாம். பாட்டிக்காகப் படத்தை நிறுத்த மறந்தவர்களுக்காக, நடைவழியில் முழங்கால் உயரத்தில் உடற்சூட்டை உணரும் ஒரு கருவியையும், 10 சதவீத ஒளிதரும் ஒரு விளக்கையும் பொருத்தல் நன்று. இவ்விளக்குக்குச் 'சினிமா' பொத்தானோடு எவ்விதச் சம்பந்தமும் இருக்கலாகாது.

இனி, சுவரில் உள்ள சுவிட்ச். 'ஆளில்லாத அறையில் சுவிட்ச் எதற்கு?' என்று அணைத்துவிடுவது நம் பெரியவர்களின் வாழ்நாள் பழக்கம். அணைத்துவிட்டால் அந்தப் பல்பு செவிடாகிவிடும். சொந்த வீடாயின் சுவிட்சுக்குப் பின்னால் ஒரு ரிலே பொருத்தலாம். சுவிட்சும் வேலை செய்யும், மென்பொருளும் வேலை செய்யும். ஆனால் சாதாரண ரிலே அணைத்து ஏற்றுமேயன்றி மங்க வைக்காது. பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் கம்பியும் தேவை. அதே பலகையில் பிளக் பாயிண்ட் இருக்குமானால் நியூட்ரல் அங்கே வந்திருக்கும். 230 வோல்ட் விஷயம், எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்விக்க வேண்டும். விசிறியின் ரெகுலேட்டரில் எல்.இ.டி. பல்பை மாட்டி மங்க வைக்கலாம் என்று யோசனை சொல்வோரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

வாடகை வீட்டிலும் குவார்ட்டர்ஸிலும் பலகையைத் தொடுவது கூடாது. வழக்கமான பி22 ஹோல்டரில் பொருந்தும் ஸ்மார்ட் பல்புகளை மாட்டி, சுவிட்சின் அருகில் கம்பியில்லாப் பொத்தான் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும். மாற்றல் உத்தரவு வந்தால் பல்புகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்படலாம்.

மின்சாரம் போய் வரும்போது ஸ்மார்ட் பல்புகள் பலவும் முழு ஒளியுடன் எரியத் தொடங்கும். நள்ளிரவு 2 மணிக்கு இது எரிச்சலூட்டுவதுதான். முன்பிருந்த நிலைக்கே திரும்புமாறு பல பல்புகளில் அமைத்துக்கொள்ளவும் முடியும். எனினும் கூடத்திலும் நடைவழியிலும் அதை மாற்ற வேண்டாம் என்றே சொல்வோம். மென்பொருள் செயலற்றுப் போனாலும், சுவர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் எவருக்கும் வெளிச்சம் கிடைத்துவிடும். பழுது நேர்ந்தால் சிக்னல் சிவப்பில் நிற்பதுபோல, இங்கே பழுது நேர்ந்தால் விளக்கு எரிய வேண்டும். படுக்கையறையில் பழைய சாதாரணப் பல்பே இருக்கட்டும்.

திடீரென மின்சாரம் அறுந்தால் அச்சிறு கணினியின் நினைவு அட்டை கெடக்கூடும். அதை இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்து, விதிகளின் நகலொன்றை வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். விருந்தினர் வருவதற்கு முன் ஒருநாள் மாலையில் ரூட்டரின் இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு, வீட்டில் சேமித்த படம் ஒன்றை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பிறகு கணினியையும் முறைப்படி அணைத்துவிட்டு, வீட்டிலேயே மூத்தவரை அழைத்து, யாருடைய உதவியுமின்றிக் கூடத்து விளக்கை ஏற்றச் சொல்லுங்கள்.