உப்புநீரில் வந்த காய்

1990க்கு முன்னால் சென்னையில் ஆலிவ் காயைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. பார்த்திருந்தால், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரின் பெட்டியிலோ பர்மா பஜார் கடையொன்றிலோ நட்சத்திர ஓட்டலின் பாரிலோ பார்த்திருப்பார்கள். பதப்படுத்திய உணவை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கடையில் வைத்து விற்க அன்று எளிதில் அனுமதி கிடைக்காது. 1991இன் தாராளமயம் இயந்திரங்களுக்கும் மூலப்பொருள்களுக்கும் கதவைத் திறந்தது. நுகர்பொருள்கள் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்கியது 2001 ஏப்ரல் 1 அன்றுதான்.

அந்தக் காலத்து ஆலிவ் என்றால் சிறிய கண்ணாடிக் குப்பி. உள்ளே கொட்டை எடுத்து, சிவப்பு மிளகாய்த் துண்டு செருகிய பச்சைக் காய்கள். வந்த விருந்தாளிக்கு ஆளுக்கொன்று கொடுப்பார்கள். கடித்தவர் முகம் சுளிப்பார். குப்பி மாதக்கணக்கில் பிரிட்ஜ் கதவிலேயே நிற்கும். கடைக்காரர்களும் பத்து இருபது குப்பிக்கு மேல் வாங்கி வைக்கத் துணியவில்லை.

இந்த நிலையை மாற்றியது பீட்சா. 1996இல் டெல்லியில் டாமினோஸும் பெங்களூரில் பீட்சா ஹட்டும் இந்தியாவில் தங்கள் முதல் கடைகளைத் திறந்தன. அதற்குப் பிறகு ஆலிவை யாரும் தனியாகக் கடித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாலாடைக்கட்டியின் மேல் வெங்காயத்தோடும் குடைமிளகாயோடும் அது தானாக வந்து சேர்ந்தது. குப்பி வியாபாரம் டின் வியாபாரமானது, வாங்குபவர் வீட்டுக்காரர் அல்ல, சமையல்கூட மேலாளர் என்றானது. இன்றும் வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ ஒரு சின்ன பீட்சா கடையின் பின்கட்டுக்குப் போனால் அந்த 3 கிலோ டின்னைப் பார்க்கலாம். வேலை செய்யும் பையன் மூடியை வெட்டித் திறந்து, பெரிய வடிகட்டியில் கவிழ்க்கிறான். கருமையான தண்ணீர் சிங்க்கில் ஓடுகிறது. வடிந்து நிற்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வளையங்கள்தான். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே கனம். கடல் கடந்து வந்த எடையில் பாதி உப்புநீர். அதற்கும் சேர்த்துத்தான் கப்பல் கூலி. இந்த வியாபாரத்தில் தேறினவர் விலை கேட்குமுன் வடித்த எடையைக் கேட்பார்.

அந்தக் கறுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரத்திலிருந்து பறித்த ஆலிவை வாயில் வைக்க முடியாது. ஒலியூரோபீன் என்ற பொருள் அவ்வளவு கசக்கும். ஸ்பெயினின் செவில்லா முறையில் பச்சைக் காயைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்துக் கசப்பை முறித்து, அலசி, உப்புநீரில் மாதக்கணக்கில் புளிக்க விடுவார்கள். தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களின் வகையறாதான் அங்கும் வேலை செய்கிறது. டின்னில் வரும் கறுப்பு ஆலிவோ பெரும்பாலும் மரத்தில் பழுத்துக் கறுத்ததன்று. முற்றிப் பழுக்குமுன் பறித்த காயைக் காரநீரில் போட்டுக் காற்றைச் செலுத்திக் கறுக்க வைக்கிறார்கள். நிறம் நிலைக்க பெரஸ் குளுக்கோனேட் என்ற இரும்பு உப்பைச் சேர்க்கிறார்கள். புளிப்பு இல்லாததால் டின்னை அடைத்தபின் அதிக வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். இதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்தக் காய்க்கே உரிய மணமும் புளிப்பும் பெரும்பாலும் போய்விடுகின்றன. முகம் சுளிக்க வைக்காத அந்த மட்டான ருசிதான் இங்கே அதை விற்றுத் தந்தது.

இறக்குமதிக்கு அன்று தடை லைசென்ஸில் இருந்தது. இன்று தாள்களிலும் நாள்களிலும் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வரும் சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். லேபிளைப் பார்ப்பார்கள், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இறக்குமதியாளரின் முகவரியையும் உரிம எண்ணையும் சைவத்துக்கான பச்சைக் குறியையும் இங்கே ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாம். உட்பொருள் பட்டியலும் தயாரித்த தேதியும் ஸ்பெயினிலேயே அச்சாகியிருக்க வேண்டும். இறங்கும் நாளில் ஆயுட்காலத்தின் 60 சதவீதமோ மூன்று மாதமோ, எது குறைவோ அந்த அளவு மிச்சமிருக்க வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கின. பயணம் இரண்டு வாரம் போல அதிகமானது. முழு கன்டெய்னரையும் ஆலிவால் நிரப்ப முடியாத சிறு இறக்குமதியாளர் பாஸ்தாவையும் ஆலிவ் எண்ணெயையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறார். ஒரு பொருளின் லேபிளில் சிக்கல் வந்தால் அவருடைய மொத்தப் பணமும் முடங்கும் அபாயம் இருக்கிறது.

உப்புநீர் வியாபாரம் எதிர்த்திசையிலும் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1990களில் கர்நாடகத்தில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கும் பரவிய கெர்கின் வெள்ளரிச் சாகுபடி ஏறத்தாழ முழுக்க ஏற்றுமதிக்கானது. விரல் நீளக் காய்களை உப்புநீரிலோ வினிகரிலோ போட்டு பீப்பாயில் அடைத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறோம். 2020-21இல் மட்டும் 2 லட்சம் டன்னுக்கு மேல் போனது. அதே தொழிலில் இருக்கும் சிலர் ஆலிவை மொத்தமாகத் தருவித்து இங்கேயே குப்பியில் அடைக்கிறார்கள். இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காயைப் பதம் பார்க்கத் தெரிந்த கைகள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

ஸ்பெயினின் ஆலிவ் துறை அமைப்பான இன்டர்அசெய்துனா, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு இந்தியாவில் விளம்பரமும் செய்து பார்த்தது. சமையல் கலைஞர்கள் சாலட்டிலும் சாண்ட்விச்சிலும் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். மாவடுவை உப்பில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் தயிர்ச்சாதத்தில் ஊற்றிக்கொள்ளும் ஊர் இது. உப்பு, புளிப்பு, லேசான கசப்பு மூன்றும் சேர்ந்த கொட்டைக் காய் நமக்கு அந்நியமே இல்லை. புளிக்கவைத்த முழுப் பச்சை ஆலிவை இத்தாலியச் சாமான்களின் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டு, இங்கே ஆலிவின் ருசி பழகவில்லை என்கிறார்கள் வியாபாரிகள். கறுப்பு வளையம் சுலபமாக விற்கிறது என்பதற்காக நல்ல காயைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். குப்பியின் விலை பலருக்கு எட்டாது என்பதும் உண்மைதான். அதற்கு 100 கிராம் பாக்கெட் போதும். அதை ஊறுகாய்க் கடையில் மாவடு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்து, வாங்க வருபவருக்கு ஒரு காயைக் கையில் கொடுக்கட்டும்.