கிரைண்டர் 'சுருக்' என்றால் சும்மா விடக்கூடாது



"கிரைண்டரைத் தொட்டா லேசா சுருக்குங்குது. செருப்பு போட்டுக்கிட்டா தெரியலை." பாலசமுத்திரம் பகுதிக் குழுக் கூட்டங்களில் இதை அடிக்கடி கேட்கிறோம். செருப்பு போட்டால் கோளாறு சரியாகிவிடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை தொட்டால் உயிரே போகலாம்.

ஏன் ஷாக் அடிக்கிறது?

2011-ல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. ஒரு பல்புக்காகப் போட்ட பழைய வயரிலேயே பல வீடுகளில் எல்லாம் ஓடுகின்றன. மூணு பின் பிளக்கில் பெரிய பின்தான் எர்த். உள்ளே வயர் உரிந்து இரும்புப் பாகத்தில் பட்டால், கரண்டை அது மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். எர்த் இல்லாவிட்டால் நம் உடம்பு வழியாகத்தான் போகும்.

ஷாக் அடித்தாலோ, கருகல் வாடை வந்தாலோ

* ஈரக் கையால் பிளக்கைப் பிடுங்காதீர்கள். கையைத் துடைத்து, செருப்பு போட்டு, மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்.
* எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்தப் பொருளைத் தொடவேண்டாம். எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* பியூஸ் போனால் கெட்டிக் கம்பி கட்டாதீர்கள். பியூஸ் உருகாவிட்டால் வீட்டு வயர் உருகித் தீப்பிடிக்கும்.
* தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை ஆஃப் செய்து, உலர்ந்த மணலைப் போடுங்கள்.
* துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு போதும். சர்வீஸ் வயர் பைப்பில் கொடி கட்டவே கூடாது.

ஒருவர் கரண்டில் மாட்டிக்கொண்டால்

ஓடிப்போய் இழுக்கத்தான் மனசு துடிக்கும். தொட்டால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். முடியாவிட்டால், உலர்ந்த பலகைமேல் நின்று காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குலம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

ஆடிக் காற்றில் அறுந்து விழுந்த லைன் கம்பியைக் கட்டையாலும் தொடக்கூடாது. யாரையும் கிட்டே விடாமல், மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

செலவு எவ்வளவோ, குழுவில் கேளுங்கள்

சாதாரண ட்ரிப்பர் வயரைத்தான் காக்கும். ஆளைக் காக்க, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேட்டு வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். இதற்கும் எர்த் போடவும் உள்கடன் கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் சொல்லுங்கள்: உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? அதை ஆஃப் செய்ய வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?