இலை பறித்த நாளிலிருந்து எண்ணட்டும் கைபேசி

கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிக்குச் சுவர் காலண்டரை நம்பி வேலை நடக்காது. ஒருமுறை இலை பறித்தால் சுமார் 10 முதல் 15 நாளில் அடுத்த பறிப்பு வந்துவிடும். மழைக்குப் பின் கொழுந்து மளமளவென்று வரும்; பனிக்காலத்தில் சுணங்கும். ஆள் கிடைக்காமல் நாள் தள்ளினால் முற்றிக் கரட்டு இலையாகிவிடும். ஃபேக்டரியில் விலை அடிபடுவது அங்கேதான்.

இந்தக் கணக்கைக் கைபேசியின் வேலைப்பட்டியல் செயலியிடம் தாராளமாக ஒப்படைக்கலாம். ஆனால் '12 நாளுக்கு ஒருமுறை' என்று பதிந்தால் மட்டும் போதாது. 1ஆம் தேதி பறிக்க வேண்டியதை 5ஆம் தேதி பறித்தீர்கள் என்று வையுங்கள். சாதாரணமாகப் பதிந்த வேலை, அடுத்த பறிப்பை 13ஆம் தேதியே நினைவூட்டும். செடிக்குக் கிடைப்பது 8 நாள்தான். வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணச் சொன்னால் 17ஆம் தேதி வரும். டூடூயிஸ்ட் செயலியில் இதற்கு ஒரு சின்ன வழி உண்டு: ஆங்கிலத்தில் 'எவ்ரி' என்று எழுதி, இடைவெளி விடாமல் ஆச்சரியக்குறி போட்டு, பிறகு நாள் எண்ணிக்கையை எழுத வேண்டும். வேலையின் பெயர் தமிழிலேயே இருக்கலாம். கூகுள் டாஸ்க்ஸ் தேதியைப் பிடித்துத்தான் எண்ணும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லுக்கு அது போதும்.

மருந்து தெளிப்பு விஷயத்தில் மட்டும் செயலியை அப்படியே நம்பக்கூடாது. பருவமழையில் கொப்புள நோய்க்குத் தெளித்தால், அந்த மருந்துக்குரிய இடைவெளி கழித்தே இலை எடுக்க வேண்டும். தெளித்ததும் பறிப்புத் தேதியை நீங்களே தள்ளி வையுங்கள். குடிக்கிறவர் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

உரம், கத்தி சாணை போன்ற டவுன் வேலைகளுக்கு இடம் சார்ந்த நினைவூட்டல் அருமையானது. குன்னூர் பஸ் ஸ்டாண்டைக் குறித்து வைத்தால், அங்கே இறங்கும்போது போன் ஒலிக்கும். ஐபோனின் ரிமைண்டர்ஸில் இந்த வசதி உண்டு.

பள்ளத்துத் தோட்டங்களில் சிக்னல் இருக்காது. அங்கே 'முடிந்தது' என்று குறித்தால் அது உங்கள் போனில் மட்டும் நிற்கும். பட்டியலை வீட்டில் இருப்பவருடன் பகிர்ந்திருந்தால், நீங்கள் மேட்டுக்கு வந்த பிறகே அவர் போனில் அது மாறும். அடுத்த நாளுக்கு ஆள் சொல்லும் முன் அவர் ஒருமுறை உங்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.