அடமான வழக்கில் விட்டுப்போன கோரிக்கை

அலங்காநல்லூர் கடைவீதியானாலும் மதுரை கீழமாசி வீதியானாலும், இடத்துப் பத்திரத்தை வைத்துச் சரக்குக்குக் கடன் வாங்காத வணிகர் குறைவு. தவணை தவறி வழக்கு வந்தால் நம்மவர்கள் அவகாசம் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். நமக்கு வரவேண்டியது ஏதும் உண்டா என்று கணக்கைப் புரட்டுவதில்லை.

வரவேண்டியது இருந்தால் அதே வழக்கில் கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-வது கட்டளையில் 6-ஏ விதியாக, 1976 திருத்தத்தில் வந்த வசதி இது. எதிர்க்கோரிக்கை என்பார்கள். தனி வழக்குக்குச் சமம் என்பதால் கோர்ட் கட்டணம் உண்டு. கடன் கொடுத்தவர் தம் வழக்கை வாபஸ் வாங்கினாலும் நம் கோரிக்கை நிற்கும். கட்டிய தவணையை வரவு வைக்கவில்லை என்பதற்கு இது வேண்டாம். எதிருரையில் சொன்னாலே போதும்.

ஒரு மளிகை வியாபாரியை எண்ணிக்கொள்வோம். இருமுறை பிடித்த இன்ஷூரன்ஸ் பணத்தைக் கேட்டு எதிர்க்கோரிக்கை போட்டுவிட்டார். கடன் கொடுத்தவர் பூட்டிவைத்த கிடங்கில் மழைநீர் இறங்கி, அடகு வைத்த மிளகாய் வற்றல் வீணானதை வக்கீலிடம் சொல்லவே இல்லை. இதைச் சேர்க்க 6-வது கட்டளை, 17-வது விதியின்படி திருத்த மனு போடலாம். விசாரணை தொடங்குமுன் என்றால் கோர்ட் பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். தொடங்கிவிட்டால், உரிய அக்கறை எடுத்தும் முன்பே சொல்ல முடியவில்லை என்று காட்ட வேண்டும்; 2002-ல் வந்த கட்டுப்பாடு இது. மூட்டை நனைந்தது அன்றே தெரிந்தவர் இதை எப்படிக் காட்டுவார்?

காலவரையறையும் உண்டு. இத்தகைய நஷ்டத்துக்குப் பொதுவாக 3 ஆண்டு. 1988-ல் தாக்கலான ஒரு நில வழக்கில் 1999-ல் திருத்தம் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2002-ல் அனுமதித்தது. ஆனால் புதிய பரிகாரம் திருத்த மனு போட்ட நாளில் கேட்டதாகவே கொள்ளப்படும் என்றது. ஆகவே வழக்கு நடக்கிறதே என்று காத்திருந்தால் காலம் நமக்காக நிற்காது. எதிருரைக்கெனத் தந்த கெடுவுக்குப் பின் நடந்ததற்கோ தனி வழக்குதான்.

அனுமதி கிடைத்ததும் கோர்ட் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 14 நாளுக்குள், திருத்திக் கொடுக்க வேண்டும். அவகாச நீட்டிப்பும் வாங்காமல் விட்டால் உத்தரவு வீண். ஜெயித்த மனுவை இப்படிக் கோட்டைவிடுபவர்களும் உண்டு.

வங்கி 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தில் இறங்கினால் பாதை வேறு. 60 நாள் நோட்டீஸ். நம் ஆட்சேபத்துக்கு வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். சுவாதீன நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சிவில் கோர்ட் தடை தராது. வங்கி மீது நம் நஷ்டத்துக்கான தனி வழக்கை மட்டும் சிவில் கோர்ட்டில் போடலாம் என்று பாங்க் ஆஃப் ராஜஸ்தான் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சிவில் கோர்ட் சம்மன் வந்தால் எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90. அதற்குள் கடன் தொடங்கிய நாள் முதலான கணக்கு நகலை எழுதிக் கேட்டு வாங்கி, கிடங்கு ரசீதுகளோடு வக்கீலிடம் சேர்த்துவிட வேண்டும்.