நிலக்கள்ளிக் கிழங்கு

கள்ளி என்றவுடன் வேலியோரத்தில் ஆளுயரம் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியுமே குடியானவர்களின் நினைவுக்கு வரும். அதே இனத்தில் தரைக்குள் மறைந்து ஜீவிக்கும் வேறொன்றும் உண்டு. நிலத்தோடு ஒட்டி வளர்வதால் அது நிலக்கள்ளி எனப்படும். இந்தியாவே இதன் சுதேசங்களில் ஒன்று. தாவர சாஸ்திரத்தில் இதற்கு ‘யூபோர்பியா பியூசிபார்மிஸ்’ என்று பெயர். இப்பெயர் 1825-ம் வருஷம் அச்சில் வந்தது. கதிர் போல் நடு பருத்து நுனி குறுகிய கிழங்கை இது குறிக்கும். ராக்ஸ்பரோ என்னும் சாஸ்திரியோ தண்டற்றது என்று பொருள்படும் மற்றொரு பெயரை இதற்கு இட்டார்.

கோடையில் புல் கருகிய தரையில் இலை எதுவுமின்றிப் பூ மட்டும் தலைகாட்டும். மழை பெய்த பின் இலைகள் தரையோடு வட்டமாய்ப் பரவும். வெயிலும் மேய்ச்சலும் மேற்பாகத்தை அழித்தாலும், கிழங்கில் சேர்ந்துள்ள நீரையும் ஆகாரத்தையும் கொண்டு செடி மறுபடி தழைக்கும்.

இதன் பாலைக் குறித்து ஜாக்கிரதை அவசியம். கள்ளி இனத்தின் பால் தோலில் பட்டால் எரிந்து கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே அபாயம். அவ்வாறு நேர்ந்தால் தாமதியாமல் சுத்தமான நீரைத் தாராளமாய் விட்டு வெகுநேரம் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். எண்ணெய், மூலிகைச் சாறு முதலியவற்றைக் கண்ணில் விடலாகாது. கிழங்கு என்ற பெயரைக் கண்டு, வள்ளிக்கிழங்கைப் போல் இதையும் தின்னலாமென்று எவரும் எண்ணக்கூடாது. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு இதைப் பெரியோர் முன்னதாகவே காட்டி வைத்தல் நலம்.

எனினும் இதனை வேரோடு களைவதும் புத்தியன்று. காரமான பாலுள்ள கள்ளிகளைக் கால்நடைகள் சாதாரணமாய்த் தீண்டுவதில்லை. மந்தை அளவுக்கு மிஞ்சி மேய்ந்தால் நல்ல புல் குறைந்து, தீண்டாத பூண்டுகளே மிஞ்சும். ஆகவே குற்றம் கிழங்கினுடையதன்று, ஓய்வில்லாத மேய்ச்சலினுடையது. பொது மேய்ச்சல் தரையைப் பகுதிகளாய்ப் பிரித்து, மழைக்குப் பின் ஒரு பகுதிக்கேனும் புல் விதைக்கும் வரை ஓய்வு கொடுத்தால், புல் தானே பெருகும். ஒருவர் மட்டும் தம் மாட்டைக் கட்டி வைப்பதால் பயனில்லை. அண்டை வீட்டார் மாடு அதை மேய்ந்துவிடும். எல்லோரும் ஒருமித்து நிர்ணயித்து ஒழுகினாலன்றி இது கைகூடாது. ஐக்கிய சங்கம் இருப்பது இத்தகைய காரியத்துக்கே.