கைப்பேசிச் செய்தியும் கோழிப்பண்ணை நஷ்டமும்

2020-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் நாமக்கல், பல்லடம் பகுதிகளின் கோழிப் பண்ணைகளில் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. கோழிகளும் நன்றாகவே வளர்ந்திருந்தன. ஆயினும் பண்ணைக்காரர்கள் அம்மாதத்திலும் அடுத்த மாதத்திலும் பெருநஷ்டம் அடைந்தனர். கோழி இறைச்சி உண்டால் கொரோனா நோய் பற்றும் என்ற பொய்ச் செய்தி, வாட்ஸப் முதலிய சமூக ஊடகங்களின் வழியாக நாடெங்கும் பரவியதே அதற்குக் காரணமாம். அந்நோய் கோழிகளால் பரவுவதற்கு ஆதாரம் இல்லையென்று மத்திய ஸர்க்காரின் கால்நடைத் துறை பிப்ரவரியிலேயே தெரிவித்தது. அம்மாதக் கடைசியில் தெலங்கானா மந்திரிகள் ஹைதராபாத்தில் மேடையேறிப் பலர் காணக் கோழி இறைச்சி உண்டு காட்டினர். இருந்தும் ஜனங்களின் பயம் தெளியவில்லை. மார்ச்சு முதல் வாரத்தில் கேரளத்துக் கோழிக்கோட்டில் பறவைக் காய்ச்சல் கண்டது. அது மெய்யான செய்தி, நோயும் வேறு. ஆனால் மெய்யும் பொய்யும் ஒரே கைப்பேசியில் அடுத்தடுத்து வந்தபடியால் பலருக்குப் பேதம் விளங்கவில்லை. மார்ச்சு 25 முதல் ஊரடங்கும் வந்து சேர்ந்தது.

பஞ்சு, மிளகாய் போன்ற சரக்கானால் விலை திரும்பும் வரை இருப்பு வைக்கலாம். கறிக்கோழிக்கு அது இயலாது. சுமார் 6 வாரத்தில் 2 கிலோ எடையை எட்டிய பின்னர், அது தின்னும் தீவனத்துக்குத் தக்க எடை ஏறுவதில்லை. ஆகவே உற்பத்திச் செலவுக்கும் வெகு கீழான விலைக்குக் கொடுத்துத் தீர்க்க நேர்ந்தது. முட்டைக் கோழியோ, சந்தை மந்தம் என்று அறிந்து முட்டையிடுவதை நிறுத்தாது; நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

கோழி வளர்க்காத நிலச்சுவான்தார்கள் இது தமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எண்ணலாகாது. கோழித் தீவனத்தில் ஏறக்குறையப் பாதி மக்காச்சோளமாகும். பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மானாவாரியாக அதைப் பயிரிடுவோரின் சரக்குக்குப் பெரும் கிராக்கி இப்பண்ணைகளிலிருந்தே வருகிறது. எவரோ விளையாட்டாக அனுப்பிய நாலு வரி, ஒரு குஞ்சும் வளர்க்காத குடியானவரின் களத்துக்கும் வந்து சேருகிறது.

இவ்வளவு விரைவாக ஒரு பொய் எங்ஙனம் பரவுகிறது என்பது சாதாரணக் கணக்கேயாம். ஒருவர் 5 பேருக்கு அனுப்ப, அவர்கள் ஒவ்வொருவரும் 5 பேருக்கு அனுப்புவதாக வைத்துக்கொண்டால், ஆறாவது படியில் மட்டும் 15,625 பேருக்குச் செய்தி எட்டிவிடும். அனுப்புவது தனி நபருக்கல்லாமல் குழுக்களுக்கானால் தொகை இன்னும் பல மடங்காகும். பிள்ளை பிடிப்பவர் வந்திருப்பதாகப் பரவிய வதந்தியால் பல ஊர்களில் நிரபராதிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, 2018-ம் வருஷம் ஜூலையில், இந்நாட்டில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் கம்பெனி வரம்பு கட்டியது. பல கை மாறி வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி காணப்படும். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு சமயத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம். அக்குறியைக் கண்டால், அனுப்பியவர் மைத்துனரேயானாலும், எழுதியவர் அவர் அல்லர் என்று அறிந்துகொள்க.

பொய் என்று சொல்ல முடியாத, ஆனால் பயனற்ற செய்திகளும் உண்டு. விலைச் செய்திகளில் பெரும்பாலானவை இவ்வகையே. ‘ஈரோட்டில் மஞ்சள் இன்ன விலை’ என்று ஒரு வரி வருகிறது. விரலியா கிழங்கா? பழைய சரக்கா, புதிதா? ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலமா, தனியார் மண்டியா? அன்றைய உச்ச விலையா, பெரும்பாலான மூட்டைகள் போன விலையா? இவையின்றி அந்த எண் சரக்கை வண்டியேற்றப் போதாது. தேங்காயானால் காய்க்கணக்கா எடைக்கணக்கா என்பதும், கொப்பரையானால் ஈரப்பதமும் தெரிய வேண்டும். விலை கேட்டு எழுதுவோரும் இவ்விவரங்களைக் கேட்டே எழுதுதல் நலம். ஸர்க்காரின் ‘உழவன்’ செயலியில் காணும் சந்தை விலையோடு ஒப்பிட ஒரு நிமிஷம் போதும்.

அனுகூலங்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. மாம்பழம், நாட்டுச் சர்க்கரை, பாரம்பரிய அரிசி போன்ற சிறு சரக்குகளைப் படம் பிடித்துக் காட்டி, நேரே நுகர்வோருக்கு விற்போர் அநேகர். இருநூறு மூட்டை நெல்லுக்கு இவ்வழி உதவாது. இருபது கூடை மாம்பழத்துக்கு உதவும். பணம் வாங்கும்போது மாத்திரம் ஜாக்கிரதை வேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அடிக்க வேண்டிய அவசியம் ஒருபோதும் இல்லை. ‘முன்பணம் அனுப்புகிறேன், இக்கட்டத்தை ஸ்கேன் செய்து எண்ணை அடியுங்கள்’ என்பவன் பணம் எடுக்க வந்தவனேயாவான். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுத் தாமதியாமல், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் பணத்தை இடைவழியில் நிறுத்த இடமுண்டு.

கிராம நிர்வாக அலுவலர்களின் பொறுப்பு இப்போது முன்னிலும் அதிகம். தண்டோரா போடும் வழக்கத்தை 2022-ல் ஸர்க்கார் நிறுத்திய பின், பல ஊர்களில் வாட்ஸப் குழுவே சாவடியாக இருக்கிறது. வாய்க்கால் முறை, மானிய விண்ணப்பம், துக்கச் செய்தி எல்லாம் அதிலேயே வருகின்றன; பங்காளிச் சண்டையும் சாதி வசையும் அதிலேயே வருகின்றன. அறிவிப்புக்கு ஒரு குழுவும் பேச்சுக்கு வேறொரு குழுவும் இருந்தால், தண்ணீர் திறக்கும் தேதி காலை வணக்கப் படங்களுக்கிடையே காணாமற் போகாது. பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள் போன்றவற்றில் மாதமும் தேதியும் மட்டும் போட்டு வருஷத்தை விட்டுவிடுவது பெருந்தவறு. சென்ற வருஷத்து அறிவிப்பு இவ்வருஷமும் சுற்றி வந்து, விவசாயிகளை வீணாக அலைக்கழிக்கும். கைப்பேசி இல்லாத குத்தகைதாரரும், கைப்பேசியை மகன் வெளியூருக்கு எடுத்துப் போய்விட்ட வீட்டுப் பெண்களும் ஒவ்வோர் ஊரிலும் உளர். ஆகையால் குழுவில் இடும் அறிவிப்பு எதுவாயினும், அதன் பிரதி ஒன்றை அன்றே அலுவலகக் கதவிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுவிக்க வேண்டும். சாகுபடி சம்பந்தமாக வரும் செய்தியில் சந்தேகம் தோன்றினால் 1800-180-1551 என்ற கிஸான் கால் சென்டர் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.