நண்பகல்வரை மிருதுவாய் இருக்கும் சப்பாத்தி

அரிசிச் சோறுண்டு வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் கோதுமை நெடுங்காலம் விருந்தாளியாகவே இருந்தது. அது எளியோர் அடுப்படிக்குள் நுழைந்தது பற்றாக்குறையின் கைபிடித்துத்தான். 1954-இல் அமெரிக்க நாடு இயற்றிய பி.எல். 480 என்னும் சட்டத்தின்படி, 1956 முதல் செய்துகொண்ட உடன்பாடுகளால் அந்நாட்டுக் கோதுமை இங்கு வந்தது. மழை பொய்த்த 1965, 1966-ஆம் ஆண்டுகளில் கப்பல் கப்பலாய் வந்திறங்கியது. கத்தோலிக் ரிலீஃப் சர்வீசஸ் அமைப்பின் வழியாகப் பல பங்குகளிலும் கோதுமை வழங்கப்பட்டது. சப்பாத்தி செய்து பழகாத தாய்மார்கள் அதை உடைத்துக் கஞ்சியும் உப்புமாவும் ஆக்கிப் பிள்ளைகளின் பசி தீர்த்தார்கள்.

1966-இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வரவழைக்கப்பட்டது. அதன்பின் நம் உழவர்களின் உழைப்பால் நிலைமை மாறியது. அன்று கையேந்தி வாங்கிய நாடு இன்று ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் கோதுமை விளைவிக்கிறது.

இன்று ஆலங்காயம் வட்டாரத்திலும் சப்பாத்தி அன்றாட உணவாகிவிட்டது. சிற்றூர்களிலிருந்து விடியற்காலையில் வேன் ஏறி, வாணியம்பாடி, ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்கள் பலர். அவர்கள் எடுத்துச் செல்லும் டிபன் பாக்ஸில் சப்பாத்திக்கும் இடமுண்டு. ஆனால் காலையில் சுட்டது நண்பகலில் அப்பளம்போல் விறைத்துவிடுகிறது என்பதே பலருடைய குறை. சிலர் அதைக் கைராசி என்கிறார்கள். கைராசி அன்று, நீரும் நேரமுமே காரணம்.

மாவும் நீரும்

கோதுமை மாவில் நீர் சேர்ந்ததும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் வலைபோன்ற பொருளாகின்றன. மாவு இழுபடுவதும் சப்பாத்தி உப்புவதும் இதனால்தான். மில்லில் அரைத்த முழுக் கோதுமை மாவில் தவிடும் இருப்பதால் அது மைதாவைவிட மெதுவாக, அதிக நீரை உறிஞ்சும். அவசரமாகப் பிசைந்து உடனே தேய்த்தால் தவிடு ஊறாமல் நிற்கும், சப்பாத்தி வறளும்.

கால் கிலோ மாவுக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் 160 முதல் 180 மில்லி லிட்டர்வரை வெதுவெதுப்பான நீரும் போதும். நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, எட்டு அல்லது பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். இறுதியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்க்கலாம். பிசைந்த மாவு காது மடல்போல் மெத்தென்றிருக்க வேண்டும். ஈரத் துணியால் மூடி அரை மணி நேரம் ஊறவிடுவது இன்றியமையாதது. சோடா உப்பு வேண்டவே வேண்டாம். அது கோதுமையிலுள்ள தயமின் என்னும் வைட்டமினை அழிக்கிறது.

கல்லும் நெருப்பும்

மேற்படி அளவில் ஒன்பது அல்லது பத்து உருண்டைகள் வரும். தேய்க்கும்போது தூவும் மாவு குறைவாக இருக்கட்டும். உலர்ந்த மாவு ஈரத்தை உறிஞ்சிவிடும், கல்லில் கருகவும் செய்யும். ஓரமும் நடுவும் ஒரே கனமாய் இருத்தல் வேண்டும்.

தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ‘சிறுதீயில் நிதானமாகச் சுட்டால் மிருதுவாகும்’ என்று எண்ணுவோர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. சிறுதீயில் கிடக்கும் சப்பாத்தி உப்புவதற்கு முன்பே தன் ஈரத்தை இழந்துவிடுகிறது. காய்ந்த கல்லிலோ உள்ளிருக்கும் நீர் விரைவில் ஆவியாகி, மேலேட்டையும் கீழேட்டையும் பிரித்து உப்பச் செய்கிறது. சிறு கொப்புளங்கள் எழுந்ததும் திருப்பி, மறுபுறம் வெந்தபின் மீண்டும் திருப்பித் துணியால் மெல்ல அழுத்தினால் போதும்.

சுட்டவற்றைப் பருத்தித் துணி விரித்த பாத்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூட வேண்டும். துணி மிகுந்த ஆவியை ஏற்று, சப்பாத்தி நனைந்துபோகாமலும் உலர்ந்துபோகாமலும் காக்கும். டிபன் பாக்ஸில் வைக்கும்போதும் துணியில் சுற்றியே வைக்கலாம். சுட்ட சப்பாத்தியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதிலுள்ள மாச்சத்து விரைவில் இறுகும். ஆனால் பிசைந்த மாவை மூடி ஓர் இரவு அப்பெட்டியில் வைக்கலாம். நிறம் சற்று மங்குமேயன்றிக் கெடாது.

நீரிழிவு உடையோர்க்கு ஒரு சொல். கோதுமையும் மாச்சத்து மிகுந்த தானியமே. சோற்றை விட்டுவிட்டோம் என்ற துணிவில் ஆறு, ஏழு சப்பாத்தி உண்பதால் பயனில்லை. அளவும் உடன் உண்ணும் பருப்பும் காய்கறியுமே முக்கியம்.

அந்த அரை மணி நேரம் யாருடையது?

பக்குவம் இவ்வளவே. ஆனால் பிசையப் பத்து நிமிடமும் ஊற அரை மணியும் வேண்டுமென்றால், விடியலில் வேனைப் பிடிக்க வேண்டிய பெண் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? பகலெல்லாம் தோலும் தையலுமாய் உழைத்தவள் இரவில் எத்தனை மணிக்குக் கண்ணயர்வாள்? சப்பாத்தி விறைத்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவைக்கும் கணவரும் பிள்ளைகளும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம்.

தொடக்க நூலில், மூன்று விருந்தினர் வந்தபோது ஆபிரகாம் மாவு பிசைந்து அப்பம் சுடும்படி சாராவிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சாய்ந்து அமர்ந்துவிடவில்லை. தாமே மந்தைக்கு ஓடிக் கன்றைத் தேர்ந்தெடுத்தார். வெண்ணெயும் பாலும் கொணர்ந்தார். விருந்தினர் உண்டு முடிக்கும்வரை அருகில் நின்று பரிமாறினார். வீட்டுத் தலைவர் பணிவிடை செய்வது அவருக்கு இழுக்காகத் தோன்றவில்லை.

ஆகவே, இரவு உணவு முடிந்ததும் மாவு பிசையும் வேலையைத் தந்தையர் ஏற்கலாம். அழுத்திப் பிசைய அவர்கள் கைகளுக்கு வலு உண்டு. உருண்டை பிடிப்பதும் துணி விரித்து அடுக்குவதும் பத்து வயதுப் பிள்ளைக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், இயலும். அவ்வாறு பலர் கைபட்ட சப்பாத்தி நண்பகலிலும் மிருதுவாய் இருக்கும். அதைத் தொழிற்சாலையில் பிட்டு உண்ணும் தாயும், அன்று காலை அரை மணி நேரம் கூடுதலாக உறங்கியிருப்பாள்.